அளக்கிற கை

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனபோது சென்னையில் சில ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்றது. அந்த வரிசையில் நானும் பையோடு நின்றேன். எனக்கு முன்னால் நின்ற வீட்டு வேலை செய்கிற அம்மா ஒருத்தி, "எவனோ பதுக்கி வச்சிக்கிட்டு வெல ஏத்துறான். நமக்குத் தெரியாதா?" என்றாள். பின்னால் நின்ற பையன் சிரித்துவிட்டு, "பதுக்கலும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. மழ, வரத்து கம்மி. சரக்கு கம்மியானா வெல ஏறும், அவ்ளோதான்" என்றான். அந்த அம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பையன் சொன்னது தக்காளி விஷயத்தில் சரி. தக்காளியை எத்தனை நாளைக்குப் பதுக்கி வைக்க முடியும்? அழுகிப் போகும். ஆனால் அந்த அம்மாவின் சந்தேகம் தக்காளியில் பிறந்ததில்லை. அது எங்கள் ஆயாவுக்கும் இருந்தது, ஆயாவைப் பெற்றவளுக்கும் இருந்தது. படித்தவர்கள் அந்தச் சந்தேகத்தை அறியாமை என்கிறார்கள். அறியாமைக்கும் ஒரு வரலாறு உண்டு என்றால் இதற்கும் இருக்கத்தானே வேண்டும்? அதைத்தான் இங்கே கொஞ்சம் தோண்டிப் பார்க்கிறேன்.

இந்தச் சந்தேகத்தைப் பார்த்துச் சிரித்தவர்களில் பெரிய ஆள் ஆடம் ஸ்மித். 1776இல் வெளிவந்த தன் புத்தகத்தில் தானிய வியாபாரம் பற்றி அவர் தனியாக ஒரு பகுதியே எழுதியிருக்கிறார். தானிய வியாபாரி வாங்கிப் பதுக்குகிறான் என்று சனங்கள் பயப்படுவது, சூனியக்காரிக்குப் பயப்படுவது மாதிரிதான் என்பது அவர் வாதம். எங்கேயும் வியாபாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவன் ஏற்றினால் இன்னொருவன் இறக்குவான். ஆகவே அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பிரிட்டன் அதிகாரிகள் இதை வேதமாகப் படித்துவிட்டுத்தான் கப்பலேறி நம்மை ஆள வந்தார்கள்.

அந்த வேதம் எப்படி வேலை செய்தது என்பதை முதலில் ஒரிசாவில் பார்த்தார்கள். 1866 பஞ்சத்தில் வியாபாரிகளே அரிசி கொண்டுவந்து இறக்குவார்கள் என்று அரசாங்கம் காத்துக்கொண்டிருந்தது. யாரும் கொண்டுவரவில்லை. கடைசியில் அரசாங்கமே கொண்டுவர நினைத்தபோது மழைக்காலம் வந்து வழி அடைபட்டுவிட்டது. மூன்றில் ஒரு பங்கு சனம் செத்தது என்று சொல்கிறார்கள். அந்தக் குற்ற உணர்ச்சியால் 1873-74இல் பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது சர் ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி வாங்கி இறக்கினார். சாவு பெரிதாக இல்லை. சனங்களைக் காப்பாற்றியதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? ஊதாரி என்ற பட்டம். இந்த அவமானத்தைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கிடைத்த இடம் நம்ம சென்னை மாகாணம்.

1876இல் பருவமழை பொய்த்தது. ஆண்டுக் கடைசியில் விலை பிய்த்துக்கொண்டு போனது. கையிருப்பு வைத்திருந்தவன் கடையைச் சாத்தினான். கவர்னர் பக்கிங்காம் பிரபு கொஞ்சம் பதறிப்போய், ஆர்பத்நாட் கம்பெனி மூலமாக 30,000 டன் தானியத்தை அரசாங்கப் பணத்தில் வாங்க ஏற்பாடு செய்தார். (அந்தக் கம்பெனி 1906இல் மஞ்சள் கடிதாசி கொடுத்து ஊரார் பணத்தை விழுங்கியது வேறு கதை.) வைஸ்ராய் லிட்டனுக்கு இது தெரிந்ததும் கோபம் வந்தது. தனியார் வியாபாரத்தில் தலையிடாதே என்று கண்டித்தார். அரசாங்கம் வாங்கினால் வியாபாரி பயந்து ஒதுங்கிவிடுவானாம்! வியாபாரி பயப்படக் கூடாது, சனம் பயப்படலாம்.

1877 ஜனவரியில் டெம்பிள் வந்தார். பஞ்ச வேலைக்கு வந்த ஆண்களுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியத்துக்கான காசும் கொஞ்சம் சில்லறையும்தான் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. கல்லுடைக்கிறவனுக்கு இது பத்தாது, செத்துப் போவான் என்று மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் சண்டை போட்டார். சில மாதங்கள் கழித்துக் கூலியைக் கூட்டினார்கள். அதற்குள் சாக வேண்டியவர்கள் செத்துவிட்டார்கள். தென்னிந்தியா முழுக்க 50 லட்சத்துக்குக் குறையாது என்பது கணக்கு. அந்த ஆண்டு சென்னைக் கடற்கரையில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. மூட்டை மூட்டையாக, மலை மாதிரி தானியம் அடுக்கிக் கிடக்கிறது. பஞ்சத்தில் தானியம் இல்லை என்று யார் சொன்னது? காசுக்குத்தான் இருந்தது. ரயிலும் தந்தியும் வந்துவிட்டதால் இனிப் பஞ்சமே வராது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தந்தி வந்ததால் எந்த ஊரில் எவ்வளவு விலை என்று எல்லா வியாபாரிக்கும் ஒரே நாளில் தெரிந்தது. ரயில் வந்ததால் தானியம் காசு இருக்கிற ஊருக்குப் போனது. பசி இருக்கிற ஊருக்கு அது வரவேண்டும் என்று எந்தத் தண்டவாளத்திலும் எழுதி வைக்கவில்லை.

இதில் செத்தவர்கள் யார்? நிலமில்லாத கூலிகளும் நெசவாளிகளும்தான் முதலில் விழுந்தார்கள். நிலமில்லாத கூலி என்று இங்கிலீஷ்காரன் எழுதினால் அதை நம்ம பாஷையில் சேரி என்று படிக்க வேண்டும்.

அடுத்த கட்டம் 1918. இதைப் பற்றி நம் பள்ளிக்கூடப் புத்தகங்களில் ஒரு வரி கிடையாது. முதல் உலகப் போர் நான்காவது ஆண்டு ஓடிக்கொண்டிருந்தது. கப்பல்களும் ரயில் பெட்டிகளும் யுத்தச் சரக்குக்குப் போய்விட்டன. பர்மா அரிசி வரத்துக் குறைந்தது. துணி, மண்ணெண்ணெய், உப்பு எல்லாம் விலை ஏறின. வெள்ளி ரூபாய்க்குத் தட்டுப்பாடு வந்து 1917 கடைசியில் ஒரு ரூபாய்க் காகித நோட்டு விட்டார்கள். காகிதத்தைச் சனங்கள் நம்பவில்லை.

1918 மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை சென்னை மாகாணத்தில் 120க்கும் மேற்பட்ட இடங்களில் கடைச் சூறையும் தானியக் கலவரமும் நடந்ததாக வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னால்டு 1979இல் எழுதிய கட்டுரையில் கணக்குச் சொல்கிறார். சென்னை நகரத்திலேயே செப்டம்பர் 8 தொடங்கி மூன்று நாள் நடந்தது. மில் தொழிலாளிகளும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கான சங்கம், சென்னைத் தொழிலாளர் சங்கம், அந்த ஏப்ரலில்தான் பெரம்பூரில் பிறந்திருந்தது. பக்கிங்காம், கர்னாடிக் மில்களில் ஆதிதிராவிடர்கள் நிறைய வேலை பார்த்தார்கள் என்பது தெரிந்த விஷயம். நம்ம ஆளுங்க அந்தத் தெருக்களில் நின்றிருப்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல இடங்களில் கூட்டம் போனவுடனே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. முதலில் விலையைக் கேட்டது. "பழைய வெலைக்குப் போடு" என்றது. காசு கொடுக்கத் தயாராகத்தான் வந்தது. வியாபாரி முடியாது என்றபோதுதான், அல்லது கதவைச் சாத்தியபோதுதான், கதவு உடைந்தது. திருடன் விலை கேட்பானா? ஆனால் போலீஸ் காகிதத்தில் இவர்கள் கொள்ளைக்காரர்கள். விலையை மூன்று மடங்கு ஏற்றியவன் பெயர் வியாபாரி.

உண்மையில் அப்போது பதுக்கல் இருந்ததா, பற்றாக்குறை இருந்ததா என்று கேட்டால், இரண்டும் இருந்தன என்றுதான் நான் சொல்வேன். பற்றாக்குறை பொய்யில்லை. ஆனால் பற்றாக்குறை வரப்போகிறது என்று முதலில் தெரிகிறவன் மொத்த வியாபாரி. தெரிந்தவன் விற்காமல் வைத்திருந்தாலே போதும், பற்றாக்குறை ஒரு மாசம் முன்னாடியே வந்துவிடும். அவன் யாருடனும் கூடிச் சதி செய்யத் தேவையில்லை. ஒரு சந்தைக்கு நாலு மண்டிக்காரன், நாலு பேருக்கும் ஒரே தந்தி, ஒரே கணக்கு. சதியை நிரூபிக்க முடியாது என்பதாலேயே அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. இந்தச் சட்டச் சிக்கல் இன்றைக்கு வரை தீரவில்லை.

இன்னொரு கசப்பான விஷயமும் இருக்கிறது. கூட்டம் கடைக்காரனைத்தான் தேடிப் போனது. கடைக்காரனுக்கு நெல் எங்கிருந்து வந்தது? மிராசுதாரின் களஞ்சியத்திலிருந்து. விலை ஏறியதில் அவனுக்கும் கொள்ளை லாபம். ஆனால் கடைதான் தெருவில் திறந்து கிடக்கிறது. களஞ்சியம் அக்கிரகாரத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் இருக்கிறது. அங்கே கும்பலாகப் போய் விலை கேட்டுவிட்டு உயிரோடு சேரிக்குத் திரும்ப முடியுமா? அடுத்த நாள் யார் வயலில் இறங்குவது? கோபத்துக்கும் எல்லை போட்டு வைத்திருந்தது சாதி.

இதையெல்லாம் நம் பக்கத்திலிருந்து எழுதியவர் யார் என்று தேடினால் கை வெறுமையாகத் திரும்புகிறது. 1907இலிருந்து 'தமிழன்' நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் 1914இல் மறைந்துவிட்டார். அவர் இருந்திருந்தால் படிக்கும் மரக்காலுக்கும் நடந்த அநியாயத்தை வாரா வாரம் எழுதியிருப்பார் என்று எனக்கு ஒரு ஆசை. அந்த அக்டோபரில் விஷக்காய்ச்சல் வேறு வந்தது. பட்டினி கிடந்த உடம்புகளைத் தேடிப் பிடித்துத் தின்றது. இந்தியா முழுக்க ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். அரிசிக்காகக் கதவைத் தட்டியவர்களில் எத்தனை பேர் சாட்சி சொல்ல மிஞ்சியிருப்பார்கள்?

இப்போது ஆடம் ஸ்மித்துக்குத் திரும்பி வருகிறேன். ஒருவன் விலை ஏற்றினால் வாங்குகிறவன் அடுத்த கடைக்குப் போவான் என்பதுதானே போட்டி? அந்த அடுத்த கடை வரைக்கும் அவன் நடந்து போக முடியுமா என்று எந்தப் பொருளாதாரப் புத்தகமும் கேட்பதில்லை.

எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. நான் ஐந்தாவது படிக்கும்போது காலனியில் கடை கிடையாது. ஊர்த்தெருவில் ஒரே ஒரு மளிகைக் கடை. நாங்கள் பக்கவாட்டில் சன்னல் மாதிரி ஒரு இடத்தில் நிற்போம். ஊர்க்காரர்கள் முன்னால் படியேறி நிற்பார்கள். எங்களுக்கு எல்லாம் கடன். வீட்டுக்கு ஒரு சிட்டை நோட்டு. அறுப்பு முடிந்து கூலி வந்ததும் கழிக்க வேண்டும். கூலி நெல்லை ஆண்டை வீட்டுப் படியில் தலைதட்டி அளந்து போடுவார்கள். அதே நெல்லைக் கடனுக்குக் கடையில் கொண்டுபோய்க் கொட்டினால் அங்கே உள்ள படியில் கோபுரம் கட்டி அளந்து எடுப்பார்கள். "போடும்போது சின்னப் படி, வாங்கும்போது பெரிய படி. நாம மட்டும் ஒரே வயிறு" என்பாள் ஆயா. மெட்ரிக் அளவு சட்டமாகி நாற்பது வருஷம் ஆகியும் எங்கள் ஊரில் படிதான் பேசியது.

ஒருநாள் புளி வாங்கப் போனேன். எனக்கு முன்னால் என் வகுப்பில் படிக்கிற ஊர்த்தெருப் பிள்ளை அதே புளியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனாள். அவள் கொடுத்ததைவிட எங்கள் நோட்டில் கால் கிலோவுக்கு மூன்று ரூபாய் அதிகமாக எழுதியிருந்தது. பழைய பக்கங்களையும் புரட்டிக் கூட்டிப் பார்த்தேன். பருப்பிலும் அப்படி, எண்ணெயிலும் அப்படி. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நோட்டைப் பிடுங்கிக் கூரையில் செருகிவிட்டு, "கணக்குப் படிச்சது போதும். வாயப் பொத்திக்கிட்டு இரு" என்றாள். அவளுக்கு அது முன்பே தெரியும். கூட வைத்த காசு கடனுக்கு வட்டி என்று நானே பிற்பாடு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடன்காரரான ஊர்க்காரர் ஒருத்தருக்கு அந்த வட்டி போடவில்லை என்பதும் பிற்பாடு தெரிந்தது.

அடுத்த கடை மூன்று கிலோமீட்டர் தள்ளி ரோட்டு முனையில் இருந்தது. அங்கே கைக்காசு வேண்டும். இங்கே பாக்கி இருக்கும்போது அங்கே போய் வாங்கினது தெரிந்தால் நோட்டை மூடிவிடுவார்கள். ஆக எங்களுக்கு ஊரில் கடை ஒன்று, விலை ஒன்று, அதுவும் எங்களுக்கென்று தனி விலை.

நான் ஏழாவது படித்தபோது ஊர்த் திருவிழாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று காலனிப் பையன்கள் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் கடையில் எங்களுக்கு உப்பு இல்லை. உப்பு மூட்டை கடை வாசலில்தான் இருந்தது. "உங்களுக்கு இல்ல" என்றார் கடைக்காரர். அவர் மேல் கோபப்பட்டுப் பிரயோசனமில்லை. கொடுத்தால் அவருக்கு அபராதம் என்று ஊரில் கூடிப் பேசியிருந்தார்கள். பதினோரு நாள் அம்மா ரோட்டு முனைக்கு நடந்தாள்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் என்று நினைத்திருந்தேன். எம்.ஏ. படிக்கும்போது அம்பேத்கர் தொகுதிகளில் ஸ்டார்ட்டே கமிட்டி அறிக்கையைப் பார்த்தேன். 1930இல் பம்பாய் அரசாங்கத்துக்குக் கொடுத்தது. பாபாசாகேப்பும் அதில் ஓர் உறுப்பினர். தீண்டப்படாதவர்கள் உரிமை கேட்கும்போதெல்லாம் ஊர் எடுக்கிற பெரிய ஆயுதம் பகிஷ்காரம். நிலத்தைப் பிடுங்குவது, வேலை தராமல் நிறுத்துவது, கடைக்காரனிடம் சொல்லி அன்றாடச் சாமானை விற்கவிடாமல் செய்வது என்று அது விவரிக்கிறது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தை நகர்த்த முடியவில்லை. அந்த ஆண்டு கடைசியில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலும் நம் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து கொடுத்த கோரிக்கையில், பகிஷ்காரத்தைக் குற்றமாக்கச் சட்டம் கேட்டார்கள். 1922இல் பர்மாவில் இருந்த ஒரு சட்டத்தை மாதிரியாக வைத்து வாசகமே எழுதிக் கொடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு ஒரு குற்றமாகத் தெளிவாகச் சேர்ந்தது 2015 திருத்தத்தில்தான். 85 வருஷம்.

விலையை ஏற்றுகிறவனும் விற்க மாட்டேன் என்கிறவனும் வேறு வேறு ஆட்கள் என்று பொருளாதாரம் சொல்லும். எங்களுக்கு இருவரும் ஒரே சன்னலில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு இடத்துக்குப் போக முடியாதவனிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், எப்போது வேண்டுமானாலும் இல்லை என்றும் சொல்லலாம்.

அதனால்தான் ரேஷன் கடையை நான் சாதாரணமாக நினைப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மா விழுந்து, அரிசி நின்றுபோய் வந்த ஏற்பாடு அது. 1952இல் ராஜாஜி முதலமைச்சராக வந்ததும் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். ஸ்மித்தின் சீடர்கள் கைதட்டினார்கள். 1967இல் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி ஆட்சியே மாறியது. 1997இல் மற்ற மாநிலங்களில் ஏழை, ஏழையல்லாதவர் என்று அட்டையைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் என்பதைக் கைவிடவில்லை. எடையில் குறைக்கிறார்கள், புழுத்த அரிசி போடுகிறார்கள், கடையையும் ஊர்த்தெருவிலேயே வைத்திருக்கிறார்கள், எல்லாம் உண்மை. ஆனாலும் விலை சுவரில் எழுதியிருக்கிறது. ஊர்க்காரனுக்கும் அதே விலை.

2020இல் மத்திய அரசு மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்றாக அத்தியாவசியப் பொருள் சட்டத்தைத் திருத்தியது. அழுகாத தானியம், பருப்பு வகைகளின் விலை 50 சதவீதம், காய்கறி, பழங்களின் விலை 100 சதவீதம் ஏறினால்தான் இருப்புக்கு வரம்பு போடலாம் என்று சொன்னது. விவசாயிகள் டெல்லி எல்லையில் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து 2021 கடைசியில் மூன்றையும் திரும்பப் பெற வைத்தார்கள். அதுவரை ஏறட்டும் என்று விட்டுவைக்கிற அந்த 50 சதவீதத்தை யார் வயிற்றில் கட்டுவார்கள் என்று சட்டம் எழுதியவர்கள் கேட்கவில்லை. கால் லிட்டர், அரைக் கால் லிட்டர் என்று எண்ணெயைத் தினம் வாங்குகிறவளுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். மாசச் சாமானை மொத்தமாக வாங்குகிறவன் கிலோவுக்குக் கொடுப்பதைவிட, பொட்டலமாக வாங்குகிறவள் எப்போதும் அதிகம்தான் கொடுக்கிறாள்.

நான் கல்லூரி சேர்ந்த வருஷம் காலனியில் புருஷனை இழந்த ஒரு அக்கா, மகளிர் குழுக் கடன் எடுத்துத் திண்ணையில் கடை வைத்தாள். சாமானை ரோட்டு முனை மொத்தக் கடையில் கைக்காசுக்கு வாங்கித் தலையில் சுமந்து வருவாள். அதனால் ஊர்க்கடையைவிட அவள் கடையில் விலை கொஞ்சம் கூடத்தான். அம்மா அங்கேதான் வாங்கினாள். "கூடக் குடுத்து ஏம்மா வாங்குற?" என்று கேட்டேன்.

"அங்க முன்னாடி நின்னு வாங்குறன்டி."

அந்த அக்காவும் முதல் வாரத்திலேயே வீட்டுக்கு ஒரு சிட்டை நோட்டுப் போட்டுவிட்டாள். எங்கள் நோட்டில் அட்டைக்கு உள்பக்கம் புளி, பருப்பு, எண்ணெய் மூன்றின் விலையையும் தேதி போட்டு எழுதச் சொல்லி அம்மா என்னிடம் கொடுத்தாள்.